பூனையை அறிந்த பிள்ளைக்கு ஆங்கிலம் ஏன் வரவில்லை?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஆங்கிலம் கற்கத் தொடங்கும் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித் தரப்படும் சொற்கள் எவை? எண்கள், நிறங்கள், பழங்கள், அதற்கு அடுத்தபடியாகச் செல்லப் பிராணிகள். பாலர் பள்ளிச் சுவர்களிலும் இந்தப் படங்கள்தாம் ஒட்டப்பட்டிருக்கும். 'கேட்', 'டாக்', 'ரேபிட்', 'ஃபிஷ்', 'பேரட்'. பாடத்திலேயே இதுதான் மிக எளிது என்று பெற்றோரும் நினைக்கிறார்கள். ஆசிரியர்கள் சிலரும் நினைக்கிறார்கள். படத்தைக் காட்டுவது, பெயரைச் சொல்வது, பிள்ளைகளைப் பத்து முறை சொல்ல வைப்பது. அரை மணி நேரத்தில் பாடம் முடிந்துவிடுகிறது.

அந்தப் பத்துப் பெயர்களையும் மளமளவென்று ஒப்பிக்கும் ஒரு பிள்ளையிடம், "உன் வீட்டுப் பூனையைப் பற்றி ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் சொல்" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. அதே பிள்ளையிடம் தமிழில் கேளுங்கள். "எங்க பூனை கறுப்பு. ராத்திரியில ஐஸ்பெட்டி மேல ஏறிப் படுத்துக்கும். நெத்திலி போட்டாத்தான் சாப்பிடும். பாட்டி ஏசுனா கட்டிலுக்கு அடியில ஓடிப் போயிடும்" என்று நிறுத்தாமல் சொல்லும்.

நிறம், இடம், உணவு, பழக்கம், அச்சம் என்று ஒரு நல்ல கட்டுரைக்கு வேண்டிய அத்தனையும் அந்தப் பிள்ளையின் மனத்தில் தமிழில் இருக்கிறது. ஆங்கிலப் பாடமோ அதைக் கேட்கவே இல்லை. 'கேட்' என்ற ஒரு சொல்லை மட்டும் கொடுத்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டது. பிறகு அந்தப் பிள்ளை வகுப்பில் வாய் திறக்காதபோது, "ஆங்கிலத்தில் பலவீனம்" என்று முத்திரை குத்தப்படுகிறது. ஏழு வயதில் விழுந்த முத்திரை எளிதில் அழிவதில்லை. அதனால்தான் செல்லப் பிராணிகளின் பெயர் போன்ற சின்ன விஷயத்தைப் பற்றியும் இவ்வளவு பேச வேண்டியிருக்கிறது.

பெயர்ப் பட்டியல் போதுமா?

மலேசியத் தொடக்கப் பள்ளிகளில் 2017-ஆம் ஆண்டு முதல், முதலாம் ஆண்டில் தொடங்கிப் படிப்படியாக, ஆங்கிலப் பாடத்திட்டம் ஐரோப்பிய மொழித்தரக் கட்டமைப்பை ஒட்டி அமைக்கப்பட்டது. ஐரோப்பிய மன்றம் 2001-இல் வெளியிட்ட இந்தக் கட்டமைப்பு, ஒரு மாணவருக்கு எத்தனை சொற்கள் தெரியும் என்பதைவிட, அந்த மொழியைக் கொண்டு அவரால் என்ன செய்ய முடியும் என்பதையே பெரிதாகக் கேட்கிறது. தன்னைப் பற்றிச் சொல்ல முடியுமா? பிடித்ததையும் பிடிக்காததையும் சொல்ல முடியுமா? எளிய கேள்விக்குப் பதில் சொல்ல முடியுமா? இவைதாம் தொடக்க நிலையின் அளவுகோல். யூபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் நிறுத்தப்பட்ட பிறகு, வகுப்பறையில் மாணவர் பேசுவதற்கும் செய்வதற்கும் உள்ள மதிப்பு இன்னும் கூடியது. பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை இங்கே பின்தங்கத்தான் செய்யும்.

ஒரே இனத்தைச் சேர்ந்த புதிய சொற்களை ஒரே நாளில் அடுக்கிச் சொல்லிக் கொடுப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தாமஸ் டிங்கம் என்ற ஆய்வாளர் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், பொருளால் நெருங்கிய சொற்களை ஒன்றாகக் கற்பவர்கள், தொடர்பில்லாத சொற்களைக் கற்பவர்களைவிடத் தடுமாறுவதைக் காட்டினார். 1997-இல் ராப் வேரிங் என்பவர் ஜப்பானியர்களைக் கொண்டு அதே சோதனையைச் செய்தபோதும் அதே போக்குதான் தென்பட்டது. நியூசிலாந்தின் சொற்கல்வி அறிஞர் பால் நேஷனும் 2000-ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கட்டுரையில், இப்படி இனம் இனமாகச் சொற்களை அடுக்குவதன் ஆபத்தை எடுத்துச் சொன்னார்.

டிங்கமும் வேரிங்கும் செய்த சோதனைகள் பெரியவர்களைக் கொண்டு நடந்தவை. ஆனாலும் சின்ன வகுப்பு ஆசிரியர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. 'ரேட்', 'ரேபிட்' இரண்டையும் ஒரே நாளில் சொல்லிக் கொடுத்தால், மறுநாள் எலிப் படத்தைப் பார்த்து 'ரேபிட்' என்று சொல்லும் பிள்ளைகள் எத்தனை பேர்! 'ஹாம்ஸ்டர்', 'கினி பிக்' இரண்டும் அப்படித்தான் குழம்பும். இது பிள்ளையின் மந்தம் அன்று. ஒரே தட்டில் பத்துப் பலகாரத்தைக் கொட்டினால் எதன் ருசி எது என்று யாருக்குத் தெரியும்?

இதற்கு மாற்று வழி உண்டு. ஒரு நாளைக்கு ஒரு பிராணி. அதோடு அது செய்யும் இரண்டு செயல், அதன் நிறம், அது இருக்கும் இடம். பூனை என்றால் 'கேட்', 'பிளாக்', 'ஸ்லீப்', 'ஜம்ப்', 'அண்டர் த பெட்'. இவை ஐந்தும் ஒரே வகைச் சொற்கள் அல்ல. ஒன்றோடொன்று குழம்பாது. சேர்த்துப் பார்த்தால் ஒரு கதையாகவும் ஆகிவிடுகிறது. இரண்டு நாள் கழித்து மீன். அதற்கு 'ஸ்விம்', 'ஆரஞ்ச்', 'வாட்டர்'. ஒரு வாரத்தில் மூன்று பிராணிகள்தாம் முடியும். ஆனால் மூன்றைப் பற்றியும் பிள்ளை பேசும்.

செல்லப் பிராணி என்றால் எது?

'பெட்' என்ற சொல்லுக்கு அகராதியில் செல்லப் பிராணி என்று பொருள் போட்டிருக்கும். நம் வீடுகளில் புழங்குவதோ வளர்ப்புப் பிராணி என்ற சொல். இரண்டும் ஒன்றல்ல. தோட்டப்புறங்களில் மாடும் ஆடும் கோழியும் வளர்த்த குடும்பங்கள் ஏராளம். மாட்டுக்குப் பெயர் வைத்து, பொங்கலன்று மாலை போட்டு, பிள்ளைபோல் வளர்த்தவர்கள் அவர்கள். அந்த வீட்டுப் பேரப்பிள்ளை வகுப்பில் எழுந்து, "மை பெட் இஸ் எ கவ்" என்று சொன்னால் என்ன செய்வது? ஆங்கிலத்தில் பசு பொதுவாகப் பண்ணை விலங்கு. அதற்காகப் பிள்ளை சொன்னது தவறு என்று சிவப்பு மையால் அடித்துவிட முடியுமா? "உன் பசுவுக்குப் பெயர் என்ன? என்ன சாப்பிடும்?" என்று ஆசிரியர் ஆங்கிலத்தில் இரண்டு கேள்வி கேட்டால், அன்றைய வகுப்பின் சிறந்த பேச்சு அந்தப் பிள்ளையிடமிருந்து வரக்கூடும்.

நம் தொடக்கப் பள்ளிகளுக்குக் கொண்டுவரப்பட்ட கேம்பிரிட்ஜ் பதிப்பகத்தின் 'சூப்பர் மைண்ட்ஸ்' முதல் நூலில், செல்லப் பிராணிகள் கண்காட்சி என்று ஓர் அலகு இருக்கிறது. பூனை, நாயோடு யானையும் கழுதையும் சிலந்தியும் பல்லியும் அந்தக் கண்காட்சிக்கு வந்துவிடுகின்றன. இது வேடிக்கைக்காக அமைக்கப்பட்ட பாடம். ஆனால் நல்ல ஆசிரியர் இதையே பிடித்துக்கொள்வார். "யானையை வீட்டில் வளர்க்க முடியுமா? எங்கே தூங்கும்? பல்லி உன் வீட்டில் இருக்கிறதே, அது செல்லப் பிராணியா?" என்று கேட்டால் வகுப்பே சிரிக்கும். சிரித்த பிள்ளை 'யெஸ்', 'நோ' என்றாவது வாய் திறக்கும். வாய் திறப்பதுதானே முதல் படி.

எல்லா வீட்டிலும் பிராணி வளர்ப்பதில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. அடுக்குமாடி வீடுகளில் வசிப்பவர்களுக்குப் பல கட்டுப்பாடுகள் உண்டு. அண்டை நாடான சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் 1989 முதல் பூனை வளர்க்கத் தடை இருந்தது. 2024 செப்டம்பர் 1 முதல்தான் வீட்டுக்கு இரண்டு பூனைகள் வரை வளர்க்க அனுமதி வந்தது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அந்த வீடுகளில் பூனையைக் கீழ்த்தளத்தில் பார்த்துத்தான் வளர்ந்தார்கள். "உன் செல்லப் பிராணி எது?" என்ற கேள்வி அப்படிப்பட்ட பிள்ளையை வெறுங்கையோடு நிறுத்திவிடும். "உனக்குத் தெரிந்த ஒரு பிராணியைப் பற்றிச் சொல்" என்று கேட்டால், கோயில் வாசலில் படுத்திருக்கும் நாயும், சாப்பாட்டுக் கடையில் காலைச் சுற்றும் பூனையும், பக்கத்து வீட்டு அங்கிளின் கிளியும் பாடத்துக்குள் வந்துவிடும்.

நாயைப் பற்றி ஒரு சொல். நம் வகுப்பறைகளில் பல இன, பல சமயப் பிள்ளைகள் இருக்கிறார்கள். தமிழ் பேசும் முஸ்லிம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நாயை வீட்டுக்குள் வளர்க்காத குடும்பத்துப் பிள்ளையை, "ஐ லவ் மை டாக்" என்று கட்டாயப்படுத்திச் சொல்ல வைக்க வேண்டிய தேவை இல்லை. பிராணியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பிள்ளையிடமே விட்டுவிட்டால் சங்கடம் எழாது.

அதேபோல் நாய்க்குப் பயப்படும் பிள்ளைகளும் உண்டு. சரவாக்கில் 2017-இல் வெறிநாய்க்கடி நோய்ப் பரவல் அறிவிக்கப்பட்டு, உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. முன்பின் தெரியாத பிராணியைத் தொடாதே, சாப்பிடும்போது கிட்டே போகாதே, கடித்தால் உடனே பெரியவர்களிடம் சொல் என்பவற்றை ஆங்கிலப் பாடத்திலேயே சொல்லிக் கொடுக்கலாம். 'டோன்ட் டச்', 'பி ஜென்டில்', 'டெல் யுவர் டீச்சர்' ஆகியவை உயிரைக் காக்கும் சொற்கள். எந்தப் பயிற்சித் தாளிலும் உள்ள பெயர்ப் பட்டியலைவிட இவற்றுக்குப் பயன் அதிகம்.

தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்கும் பழக்கம்

ஆங்கிலச் சொல்லின் மேலே அதன் உச்சரிப்பைத் தமிழில் எழுதிக் கொடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் இன்றும் இருக்கிறது. நல்லெண்ணத்தோடு செய்வதுதான். ஆனால் செல்லப் பிராணிகளின் பெயர்களில் இது எவ்வளவு குழப்பம் தரும் என்று பாருங்கள்.

பூனையைக் 'கேட்' என்று எழுதுகிறோம். வீட்டு முன்னால் இருக்கும் இரும்புக் கதவையும் 'கேட்' என்றுதான் எழுதுகிறோம். ஆட்டுக்கும் 'கோட்', மேலே போடும் சட்டைக்கும் 'கோட்'. பன்றிக்கும் 'பிக்', பெரியது என்பதற்கும் 'பிக்'. செல்லப் பிராணிக்கு 'பெட்', படுக்கைக்கும் 'பெட்', பந்தயத்துக்கும் 'பெட்'. தமிழில் ஒரே எழுத்து இடத்துக்கு ஏற்ப வல்லோசையாகவும் மெல்லோசையாகவும் ஒலிக்கும். அது நம் மொழியின் அழகான ஒழுங்கு. ஆங்கிலத்தில் அந்த இரண்டு ஓசையும் இரண்டு வேறு எழுத்துகள், இரண்டு வேறு பொருள்கள்.

அதுவும் தவிர, பூனைக்கான ஆங்கிலச் சொல்லின் நடு உயிரோசை தமிழில் இல்லவே இல்லை. 'கே'யும் இல்லை, 'கா'வும் இல்லை; இரண்டுக்கும் இடைப்பட்டது. வாயை நன்றாகத் திறந்து, நாக்கைத் தாழ்த்திச் சொல்ல வேண்டும். இதை எந்தத் தமிழ் எழுத்தாலும் காட்ட முடியாது. காதால் கேட்டு, வாயால் சொல்லித்தான் பழக வேண்டும்.

இன்னொன்று, சொல்லின் கடைசி எழுத்து. தமிழ்ச் சொற்கள் க், ட், ப் போன்ற வல்லின மெய்யில் முடிவதில்லை. அதனால் நம் நாக்கு தானாகவே ஓர் உகரத்தைச் சேர்த்துவிடுகிறது. 'கேட்டு', 'டாகு', 'ரேபிட்டு' என்று பிள்ளைகள் சொல்வது அதனால்தான். இதைக் கேலி செய்யக் கூடாது. "கடைசியில் டக்கென்று நிறுத்து" என்று சொல்லி, கையைத் தட்டி நிறுத்திக் காட்டினால் ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

'பெட்' என்ற சொல்லைப் படுக்கையோடு குழப்பும் பிள்ளைக்கும் ஓர் எளிய வழி உண்டு. ஒரு சின்னக் காகிதத் துண்டை வாயின் முன் தொங்கவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். செல்லப் பிராணியைச் சொல்லும்போது காற்று வந்து காகிதம் அசையும். படுக்கையைச் சொல்லும்போது அவ்வளவாக அசையாது. பிள்ளைகள் இதை விளையாட்டாகவே திரும்பத் திரும்பச் செய்வார்கள். செலவு ஐந்து காசுகூட இல்லை.

மூன்று மொழிகளுக்கு நடுவில் ஒரு பிள்ளை

தமிழ்ப்பள்ளிப் பிள்ளை முதலாம் ஆண்டிலேயே மூன்று மொழிகளில் பூனையைச் சந்திக்கிறது. தமிழில் பூனை, மலாயில் 'கூச்சிங்', ஆங்கிலத்தில் 'கேட்'. பெயர் மாறுவது பெரிய சிக்கல் இல்லை. வாக்கியம் மாறுவதுதான் சிக்கல்.

"எனக்குப் பூனை பிடிக்கும்" என்கிறோம். ஆங்கிலத்தில் 'எனக்கு' என்பது 'ஐ' ஆகிவிட வேண்டும். பூனையும் 'கேட்ஸ்' என்று பன்மையாக வேண்டும். தமிழில் பேசும்போது "ரெண்டு பூனை இருக்கு" என்றால் போதும். மலாயிலும் 'சாயா சுக்கா கூச்சிங்' என்றால் பன்மைக் குறி வேண்டியதில்லை. எண்ணிச் சொல்வதென்றால் மலாயில் 'டுவா எக்கோர் கூச்சிங்' என்று வாலைக் குறிக்கும் சொல்லை நடுவில் வைத்து எண்ணுகிறார்கள். ஆக, ஏற்கெனவே தெரிந்த இரண்டு மொழியிலும் கட்டாயம் இல்லாத ஒன்றை மூன்றாவது மொழி கேட்கிறது. பிள்ளை அந்த 'ஸ்' ஓசையை மறப்பதில் என்ன வியப்பு?

அந்த ஓசை ஏன் வேண்டும் என்பதைப் பிள்ளைக்குப் புரிய வைக்க நல்ல எடுத்துக்காட்டு கோழி. 'ஐ லைக் சிக்கன்ஸ்' என்றால் கோழிகளை எனக்குப் பிடிக்கும். 'ஐ லைக் சிக்கன்' என்றால் கோழிக்கறி பிடிக்கும். "உன் கோழியை உனக்குப் பிடிக்குமா, சாப்பிடப் பிடிக்குமா?" என்று கேட்டால் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அதற்குப் பிறகு அந்த 'ஸ்' ஓசையை எளிதில் மறக்க மாட்டார்கள்.

இடத்தைச் சொல்வதும் இப்படித்தான். பெட்டிக்குள்ளே, மேசைமேல், கட்டிலுக்கு அடியில் என்று தமிழில் இடத்தைக் குறிக்கும் சொல் பின்னால் வருகிறது. ஆங்கிலத்தில் 'இன்', 'ஆன்', 'அண்டர்' முன்னால் வந்து நிற்கிறது. ஒரு பொம்மைப் பூனையையும் ஒரு காலணிப் பெட்டியையும் வைத்துக்கொண்டு, முதலில் தமிழில் சொல்லி, பிறகு ஆங்கிலத்தில் சொல்லி, "பார், தமிழில் கடைசியில் வந்தது, ஆங்கிலத்தில் முன்னால் வந்துவிட்டது" என்று காட்டலாம். ஐந்து நிமிட வேலை. இதைக் காட்டாமல் ஐந்து மாதம் மனப்பாடம் செய்ய வைப்பவர்களும் இருக்கிறார்கள்.

குட்டியும் குஞ்சும் கன்றும்

தமிழ்ப் பாடத்தில் இளமைப் பெயர்களையும் ஒலி மரபையும் பிள்ளைகள் படிக்கிறார்கள். பூனைக்குட்டி, கோழிக்குஞ்சு, பசுங்கன்று. நாய் குரைக்கும், சேவல் கூவும், யானை பிளிறும், காகம் கரையும். தொல்காப்பியத்தின் மரபியல், இளமைப் பெயர்கள் என்று பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பதைத் தொகுத்து, எந்த உயிருக்கு எந்தப் பெயர் என்றும் சொல்லி வைத்திருக்கிறது.

ஆங்கிலத்திலும் இதே ஒழுங்கு உண்டு. பூனைக்குட்டி 'கிட்டன்', நாய்க்குட்டி 'பப்பி', கோழிக்குஞ்சு 'சிக்', கன்று 'காஃப்'. குரைப்பது 'பார்க்', சேவல் கூவுவது 'க்ரோ'. பூனை சுகமாக இருக்கும்போது 'குர்ர்' என்று எழுப்பும் ஓசைக்கும் 'பர்' என்று தனிச்சொல் இருக்கிறது. தமிழில் ஒவ்வோர் உயிருக்கும் ஒரு மரபு உண்டு என்று ஏற்கெனவே அறிந்த பிள்ளைக்கு, ஆங்கிலத்திலும் அப்படி உண்டு என்பது ஒரு வரியில் புரிந்துவிடும். தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே வாரத்தில் இந்தப் பாடங்களை நடத்தும்படி பேசி வைத்துக்கொண்டால், இருவருக்கும் பாதி வேலை மிச்சம்.

கனடாவைச் சேர்ந்த கல்வியாளர் ஜிம் கம்மின்ஸ் 1979 முதல் வலியுறுத்தி வந்த கருத்தும் இதுவே. ஒரு மொழியில் பெற்ற அறிவும் சிந்தனைத் திறனும் இரண்டாம் மொழிக்கும் அடித்தளமாக அமையும் என்றார் அவர். தாய்மொழியில் வலுவாக நிற்கும் பிள்ளை மற்ற மொழியிலும் ஊன்றி நிற்கும். தமிழ் ஆங்கிலத்துக்குத் தடை என்று எண்ணும் பெற்றோர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

வகுப்பறையில் என்ன செய்யலாம்?

அமெரிக்க உளவியல் பேராசிரியர் ஜேம்ஸ் ஆஷர் 1960-களில் ஒரு முறையை வளர்த்தெடுத்தார். குழந்தை முதலில் கேட்கிறது, கேட்டபடி செய்கிறது, பேச்சு பிறகு வருகிறது. தாய்மொழியை அப்படித்தானே கற்றது? அதே வரிசையில் அடுத்த மொழியையும் கற்பிக்கலாம் என்பது அவர் கருத்து. செல்லப் பிராணிப் பாடத்துக்கு இது மிகப் பொருத்தம். "பூனைபோல் நட, முயல்போல் குதி, மீன்போல் நீந்து, நாய்போல் வாலாட்டு" என்று ஆசிரியர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் செய்து காட்டட்டும். முதல் இரண்டு நாள் யாரையும் பேசச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். பேசாத பிள்ளையும் செய்கிறதா என்று பார்த்தால் போதும். செய்தால் புரிந்துவிட்டது என்று பொருள்.

மூன்றாம் நாள் ஒரு படம் வரையட்டும். தனக்குத் தெரிந்த உண்மையான ஒரு பிராணி. அச்சிட்ட படத்துக்கு வண்ணம் தீட்டுவது வேண்டாம். தான் பார்த்த பூனையின் வெட்டுப்பட்ட காதையும், பக்கத்து வீட்டுக் கிளியின் பச்சையையும் பிள்ளை வரையும். அதன் கீழே மூன்று வரி. பெயர் என்ன, எப்படி இருக்கும், என்ன செய்யும். சொல் தெரியாவிட்டால் தமிழில் கேட்கட்டும், ஆசிரியர் ஆங்கிலச் சொல்லைத் தரட்டும். அப்படித் தேவைப்பட்டுக் கேட்டு வாங்கிய சொல் மனத்தில் தங்கும்.

நான்காம் நாள் பக்கத்தில் இருக்கும் நண்பனிடம் கேள்வி கேட்கட்டும். 'வாட் இஸ் இட்ஸ் நேம்?', 'வாட் டஸ் இட் ஈட்?', 'கேன் இட் ஸ்விம்?' இந்த மூன்று கேள்விகளும் எந்தப் பிராணிக்கும் பொருந்தும். வகுப்பில் முப்பது பேர் இருந்தால், ஒருவர் ஒருவராக எழுந்து சொல்லும்வரை மற்ற இருபத்தொன்பது பேர் சும்மா உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. இருவர் இருவராகப் பேசினால் பத்து நிமிடத்தில் அத்தனை பேரும் பேசி முடித்துவிடுவார்கள்.

பேசும்போது பிழை வரும். "மை கேட் ஈட் ஃபிஷ்" என்று பிள்ளை சொல்லும். உடனே நிறுத்தித் திருத்தினால் அடுத்த வாக்கியம் வராது. "ஓ, யுவர் கேட் ஈட்ஸ் ஃபிஷ்! பிக் ஃபிஷ் ஆர் ஸ்மால் ஃபிஷ்?" என்று ஆசிரியர் சரியான வடிவத்தைத் தம் பேச்சில் வைத்துத் திருப்பிச் சொன்னால் போதும். பிள்ளை அதைக் கேட்டுக்கொள்ளும்; பேச்சும் நிற்காது.

வீட்டின் பங்கு

பெற்றோர்களில் பலர், "எங்களுக்கே ஆங்கிலம் சரியாக வராது, பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுப்பது?" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். வேறு சிலர் மறுபுறம் போய்விடுகிறார்கள். பிள்ளைக்கு ஆங்கிலம் வர வேண்டும் என்பதற்காக, "பேபி, அங்க பாரு டாகி! டாகிக்கு பிஸ்கட் குடு, டாகி கம்மிங்" என்று பேசத் தொடங்குகிறார்கள். இதில் பிள்ளைக்குக் கிடைப்பது என்ன? 'நாய் குரைக்கிறது' என்ற தமிழும் போகிறது; 'த டாக் இஸ் பார்க்கிங்' என்ற ஆங்கிலமும் வருவதில்லை. நாளடைவில் பாட்டி சொல்வது பேரனுக்குப் புரியாமல் போகிறது. பேரன் சொல்வது ஆங்கில ஆசிரியருக்கும் புரிவதில்லை.

பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குத் தேவை நிறைந்த தமிழ்ப் பேச்சு. பூனைக்குச் சோறு வைக்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். "ஏன் வாலைத் தூக்குது? ஏன் காதை மடக்குது? மழை வந்தா எங்கே போய்ப் படுக்கும்?" என்று பேசுங்கள். பிள்ளை காரணம் சொல்லப் பழகும். வரிசையாகச் சொல்லப் பழகும். ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடப் பழகும். இவை எந்த மொழிக்கும் பொதுவான திறன்கள். தமிழில் பழகியதை ஆங்கிலத்துக்கு எடுத்துச் செல்ல ஆசிரியர் உதவுவார்.

ஆங்கிலத்திலும் உதவ விரும்பும் பெற்றோர், பள்ளியிலிருந்து வரும் பிள்ளையிடம், "இன்றைக்கு என்ன பிராணி படிச்சே? எனக்குச் சொல்லிக் கொடு" என்று கேட்கலாம். பிள்ளை ஆசிரியராகிவிடும். அம்மாவுக்கு அந்தச் சொல் தெரியாமல் இருந்தால் பிள்ளைக்கு இன்னும் பெருமை. தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் நல்ல ஆங்கில உச்சரிப்போடு குழந்தைப் பாடல்களும் கதைகளும் நிறையக் கிடைக்கின்றன. ஆனால் பிள்ளையைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு எழுந்து போய்விட்டால் பயன் குறைவு. திரை கேள்வி கேட்டால் பிள்ளை பதில் சொல்லும். பிள்ளை கேள்வி கேட்டால் திரை பதில் சொல்லாது. பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தக் குட்டி எங்கே போச்சு?" என்று கேட்க ஒருவர் வேண்டும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் இதில் கை கொடுக்கலாம். பள்ளியில் ஒரு மீன்தொட்டி வைப்பதற்கு அதிகம் செலவாகாது. நான்கு தங்கமீன்கள் போதும். யார் இன்று தீனி போடுவது, எந்த மீன் பெரிது, எது ஒளிந்துகொள்கிறது என்று நாள்தோறும் பேச விஷயம் கிடைத்துவிடும். வீட்டில் பிராணி இல்லாத பிள்ளைக்கும், "அவர் ஃபிஷ்" என்று உரிமையோடு சொல்ல ஒன்று கிடைக்கும்.

பெற்றோர்களே, ஆசிரியர்களே! நம் நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அங்கே ஆண்டுதோறும் முதலாம் ஆண்டில் காலெடுத்து வைக்கும் பிள்ளைகள் எவரும் வெறுமையாக வருவதில்லை. பூனையைத் தடவிய கையோடும், நாய்க்குப் பயந்த கதையோடும், தமிழில் கேட்ட ஆயிரம் சொற்களோடும் வருகிறார்கள். அவர்கள் கொண்டு வருவதைக் கேட்ட பிறகு ஆங்கிலச் சொல்லைக் கொடுங்கள். பத்துப் பெயர் ஒப்பிக்கும் பிள்ளையைவிட, தன் பூனையைப் பற்றி மூன்று வாக்கியம் உண்மையாகச் சொல்லும் பிள்ளைதான் ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கிறது.